பூப்பந்தும் கால்பந்தும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஸ்ரீரங்கம் பகுதி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ எடுத்து, கட்டி விற்கிறவள். விடிகாலை மூணு மணிக்கு எழுந்தால்தான் நல்ல பூ கிடைக்கும். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த பந்து ஒன்றே ஒன்றுதான், மல்லிகைப் பந்து. அதை முழம் போட்டு விற்கலாம், உருட்டி உதைக்க முடியாது.

இந்த விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சேமிப்பும் உள்கடனும்னு பேசுங்கக்கா" என்றார்கள். சரி, கடனைப் பற்றியே பேசுகிறேன், ஆனால் ஒரு கால்பந்து ஷூவுக்குக் கேட்ட கடனைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். எங்கள் குழுவில் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மாதம் இரண்டு கூட்டம். என் மகளும் அதே குழுவில்தான் இருக்கிறாள். போன வருஷம் ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து, "எனக்கு நாலாயிரம் ரூபா உள்கடன் வேணும்" என்றாள். எதற்கு என்று கேட்டோம். "பாப்பாவுக்கு ஃபுட்பால் ஷூ, முழங்காலுக்குக் கீழ கட்டற ஷின் கார்டு, ரெண்டு செட் டிரஸ்" என்றாள். பாப்பா என்றால் என் பேத்தி. பன்னிரண்டு வயசு, ஏழாம் வகுப்பு.

அவ்வளவுதான், ஆளுக்கொன்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி, "ஆடு வாங்கக் கடன் கேளு, மாவு மிஷின் வாங்கக் கேளு, கொடுக்கலாம். விளையாட்டுச் சாமானுக்கு எப்படிக் கொடுக்கறது?" என்றாள். இன்னொருத்தி, "வெயில்ல ஓடி ஓடிக் கறுத்துப் போவா" என்றாள். மூணாமத்தவள், "நாளைக்கு வயசுக்கு வரப் போற புள்ள, அரை டவுசர் போட்டுக்கிட்டு மைதானத்துல நிக்கணுமா?" என்றாள். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க பாட்டியாச்சே, நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

நான் வாயே திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

2005-ஆம் வருஷம் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடினாள். நன்றாக ஆடுகிறாள் என்று விளையாட்டு டீச்சரே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். பழசுதான், ஆனாலும் ஒரு ஜோடி ஷூவும் கொடுத்தார்கள். அவள் அதைத் துடைத்துத் துடைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைப்பாள். அந்த வருஷம்தான் அவள் வயசுக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். எனக்குப் பயம். ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பழைய சாமான்காரன் வந்தான். அந்த ஷூவை அவனிடம் போட்டு வெங்காயம் வாங்கினேன். சாயங்காலம் வந்து தேடினாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பந்தைப் பற்றிப் பேசவும் இல்லை. இருபது வயசில் கல்யாணம் பண்ணிக் கொடுத்தேன்.

அதே மகள்தான் இருபது வருஷம் கழித்து எழுந்து நின்று தன் மகளுக்கு ஷூ கேட்டாள். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. குழுவைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றைக்கு முடிவு எடுக்கவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். வீட்டுக்கு வந்து பேத்தியிடம், "ஏண்டி, பொம்பளப் புள்ளைங்க பந்து விளையாடி யாரு என்னத்தைக் கண்டா?" என்று கேட்டேன். "அம்மாச்சி, இந்துமதி அக்காவை உனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தவள்தான், அடுத்த பதினைந்து நாளும் பூக் கட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பயிற்சியாளரிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். பிறந்தது 1994. என் மகளை விட மூணு வயசு சின்னவர். இந்தியப் பெண்கள் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். நடுக்களம் என்றால் என்ன என்று பேத்தி எனக்கு இப்படிச் சொன்னாள்: "அம்மாச்சி, பின்னாடி நிக்கறவங்க தடுப்பாங்க, முன்னாடி நிக்கறவங்க கோல் போடுவாங்க, நடுவுல நிக்கறவங்கதான் ரெண்டு பக்கமும் ஓடணும்." நம்ம வீட்டில் நாம் செய்கிற வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கான தேசிய சீனியர் சாம்பியன்ஷிப் என்று ஒரு போட்டி உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மோதுவது. அதில் மணிப்பூர்தான் ரொம்ப வருஷமாக ராஜ்ஜியம். 2018 பிப்ரவரியில் ஒடிசா கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று தோற்கடித்தது. தமிழ்நாடு அந்தக் கோப்பையை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஒரு கோல் நந்தினி போட்டது, இன்னொன்று இந்துமதி போட்டது. அடுத்து 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து இரண்டாவது தடவையும் வாங்கினார்கள்.

2019 மார்ச்சில் நேபாளத்தில் பிராட்நகர் என்ற ஊரில் தெற்காசியப் பெண்கள் போட்டி. அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் இந்துமதியுடையது. அந்தப் போட்டி முழுவதிலும் அவர் போட்டது 4 கோல். இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று ஜெயித்து, இந்தியா ஐந்தாவது தடவையாகத் தொடர்ந்து கோப்பையை எடுத்து வந்தது. அதே வருஷம் மதுரை சேது எஃப்.சி. அணி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கியது. அந்த அணியிலும் இந்துமதி இருந்தார்.

நான் பேத்தியிடம் கேட்ட கேள்வி நீங்களும் கேட்பீர்கள். "கோப்பை சரி. சோத்துக்கு?" இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-இல் கொரோனா ஊரடங்கில் நாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர் பந்தை ஓரமாக வைத்துவிட்டு, காக்கிச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சென்னைத் தெருவில் டூட்டி பார்த்தார்.

இதோடு முடிந்தால் கதை ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் முடியவில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம்ம நாட்டிலேயே, நவி மும்பையில் நடந்தது. 23 பேர் கொண்ட இந்திய அணியில் இந்துமதி, சந்தியா, கார்த்திகா, மாரியம்மாள் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். முதல் ஆட்டம் ஈரானோடு, கோல் இல்லாமல் சமம். இரண்டாவது ஆட்டத்துக்குள் அணியில் பாதிப் பேருக்குக் கொரோனா. ஆட ஆள் இல்லாமல் போட்டியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. வருஷக்கணக்கில் ஓடியவர்கள், சொந்த நாட்டில், ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். பேத்தி இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, மறுபடியும் பயிற்சிக்குப் போனாங்க" என்றாள். 2025 ஜூலையில் தாய்லாந்தைத் தாய்லாந்திலேயே 2-1 என்று ஜெயித்து, தகுதிச் சுற்று மூலமாக முதல் தடவையாக இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். ஆடியவர்கள் மாறினாலும் பாதை போட்டவர்கள் இவர்கள்தான்.

அக்கா தங்கைகளே, கடலூரிலிருந்து எப்படி இத்தனை பிள்ளைகள் என்று நான் யோசித்தேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாளை நாம் யாரும் மறக்க மாட்டோம். கடலூர்க் கரையில் எத்தனை குடும்பம் அழிந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை அரசு காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்று அது வளர்ந்தது. அங்கே ஆடிய பலர் தமிழ்நாடு அணிக்குப் போனார்கள். இந்திய அணிக்கும் போனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே ஒருவர் பந்து கொடுத்தார். தாய் நான் இருந்தும், அந்தக் காலத்திலேயே என் பிள்ளையின் ஷூவை வெங்காயத்துக்குப் போட்டேன்.

அந்த அணியில் இருந்த சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டம்தான். அவருடைய அம்மா தனி ஆளாக நின்று இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். 2023 பிப்ரவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் இந்தியாவும் நேபாளமும் ஆடின. மகள் இந்தியச் சட்டை போட்டு ஆடுவதைப் பார்க்க அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். நாட்டுக்காக ஆடுவதை அம்மா நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். என் அம்மாதான் என் பலம், அவர் கடைசியில் வந்துவிட்டார் என்கிற மாதிரி சந்தியா சந்தோஷமாக எழுதியதை நாடே படித்தது. பேத்தி போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். நம்மைப் போலவே ஒரு அம்மா. எனக்குப் பூக் கட்ட ஓடவில்லை.

இது ஏதோ நம்ம ஊர்க் கட்டுப்பாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே என்ன நடந்தது தெரியுமா? முதல் உலகப் போர் சமயத்தில் ஆண்கள் சண்டைக்குப் போனதால் பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையின் வேலைக்காரப் பெண்கள் ஒரு கால்பந்து அணி ஆரம்பித்தார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணம் திரட்ட ஆடினார்கள். நம்ம குழு மாதிரியே, பொதுக் காரியத்துக்குச் சேர்ந்தவர்கள். அதில் லில்லி பார் என்று ஒரு பெண், பதினான்கு பதினைந்து வயசில் சேர்ந்து, ஆண்களே பயப்படும்படி பந்தை அடிப்பாராம். 1920 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் பெரிய மனுஷர்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷமே, கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை என்று சொல்லி, சங்கத்து மைதானங்களில் அவர்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். அந்தத் தடை எடுபட ஏறக்குறைய 50 வருஷம் ஆனது. பிரேசிலிலும் 1941-இல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள், 1979 வரைக்கும். ஆனால் லில்லி பார் ஆடுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த மைதானத்தில் ஆடினார்.

நம்ம நாட்டிலும் 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம்ம பெண்கள் இரண்டாம் இடம் வாங்கினார்கள். 1983-இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கிய முதல் கால்பந்துப் பெண். மணிப்பூரின் பெம்பெம் தேவி 2020-இல் பத்மஸ்ரீ வாங்கினார். என் மகள் ஆடிய காலத்துக்கு முன்னாலேயே இதில் சில நடந்து முடிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. நான் எழுந்தேன். முதலில் அந்த வெங்காயக் கதையைச் சொன்னேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். குழுவில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்.

கறுத்துப் போவாளா? போவாள். நாம் வெயிலில் உட்கார்ந்து பூ விற்றுக் கறுக்கவில்லையா?

வயசுக்கு வந்தால்? அந்த மூன்று நாளில் முடியவில்லை என்றால் ஓய்வு எடுப்பாள், முடிந்தால் ஆடுவாள். நல்ல நாப்கின் வேண்டும், மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் நம்ம வேலை. ஆட்டத்தை நிறுத்துவது நம்ம வேலை இல்லை.

பாதுகாப்பு? நியாயமான கேள்வி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காஜாமலை அண்ணா விளையாட்டரங்கம் போக வேண்டும். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. ஆனால் காலை ஐந்தரைக்குச் சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. யாராவது கூடப் போக வேண்டும்.

வேலை கிடைக்குமா? இங்கே நான் பொய் சொல்ல மாட்டேன். கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. போலீஸ் வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, மற்ற அரசு வேலைகளில் 3 சதவீதம் இருக்கிறது. அதற்குப் பெரிய போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும். ஆயிரம் பேர் ஓடினால் ஒரு இந்துமதி. மீதி 999 பேர்? அவர்கள் நல்ல உடம்போடு, பஸ் ஏறத் தெரிந்து, தோற்கத் தெரிந்து, நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசத் தெரிந்து வளர்வார்கள். குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டபோது நமக்கு யாராவது வேலை வாக்குக் கொடுத்தார்களா? 1989-இல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோதும், "பொம்பளைங்க கூட்டம் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போறாங்க" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

கடைசியில் என் மகள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஷூ இல்லாம நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தவணை தவறாமக் கட்டிடுவேன்."

தீர்மானம் எழுதினோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. நாலாயிரமும் கொடுத்தோம். முதலில் ஆடு வாங்கச் சொன்னவள்தான் முதல் கையெழுத்துப் போட்டாள். இதுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை என்று நம்ம பொருளாளரே சொல்வார்.

பாப்பாவின் முதல் ஆட்டத்துக்கு நானும் மகளும் போனோம். அன்றைக்கு நான் பூ எடுக்கவில்லை, ஒரு நாள் வியாபாரம் போனது. அவர்கள் அணி 4-0 என்று தோற்றது. பாப்பா இரண்டு தடவை விழுந்தாள், முழங்கால் சிராய்த்தது. எனக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. நான் மைதானத்தைப் பார்த்ததை விட என் மகளைத்தான் பார்த்தேன். திடீரென்று எழுந்து நின்று, "லெஃப்ட்ல பாரு, லெஃப்ட்ல ஆள் இருக்கு!" என்று கத்தினாள். வீட்டில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரல் அவளுக்கு. அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. 2005-இல் நான் ஒரு தடவையாவது மைதானத்துக்குப் போயிருந்தால் அப்போதே கேட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம், "அந்த ஷூவை நான் போட்டிருக்கக் கூடாதுடி" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "விடும்மா" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. காவிரிப் பாலம் வந்ததும் பாப்பாவின் ஷூவை என் மடியில் வைத்து, "பத்திரமா வெச்சுக்க" என்றாள். வீடு வரைக்கும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா தங்கைகளே, கூட்டமைப்பிடம் நான் மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கும் உள்கடனில் விளையாட்டுச் செலவையும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள். இரண்டு, பயிற்சிக்குப் போகிற பெண் பிள்ளைகளோடு முறை வைத்துக் கூடப் போக ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். எங்கள் பகுதியில் முதல் பெயர் என்னுடையது. மூணு மணிக்கு எழுகிறவளுக்கு ஐந்தரை பஸ் பெரிய விஷயம் இல்லை. மூன்று, வருஷத்தில் ஒரு நாளாவது உங்கள் பெண் ஆடுவதை, ஓடுவதை, பாடுவதை, எதுவாக இருந்தாலும் போய் உட்கார்ந்து பாருங்கள். தோற்றாலும் பாருங்கள்.

உங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு ஜோடி ஷூ இருந்தால், தயவுசெய்து அது அங்கேயே இருக்கட்டும். வெங்காயம் நாளைக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம்.